ஆர்எஸ் எண்ணிலிருந்து குரோமோசோம் இடத்துக்கு: எஸ்என்பிலாக்ஸ் தொகுப்புகளைப் பயன்படுத்தும் முழு வழிகாட்டி

ஒரு கோப்பில் சில ஆயிரம் ஆர்எஸ் எண்கள் இருக்கின்றன, அதாவது டிஎன்ஏவில் ஆளுக்கு ஆள் மாறும் இடங்களுக்குக் கொடுத்த அடையாள எண்கள். ஒவ்வொன்றும் எந்தக் குரோமோசோமில் எத்தனையாவது எழுத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். அல்லது குரோமோசோமும் இடமும் கையில் இருக்கின்றன, ஆர்எஸ் எண்தான் இல்லை. ஆர் மொழியில் வேலை செய்பவருக்கு இரண்டுக்கும் பயோகண்டக்டர் (உயிரியல் தரவுக்கான ஆர் தொகுப்புகளின் களஞ்சியம்) தரும் எஸ்என்பிலாக்ஸ் தொகுப்புகள் போதும். ஆர்எஸ் எண்களை வழங்கும் டிபிஸ்னிப் தரவுத்தளத்தின் ஒரு குறிப்பிட்ட வெளியீட்டை அப்படியே உறையவைத்து உங்கள் கணினிக்குள் தரும் தொகுப்புகள் இவை. நிறுவிய பிறகு இணையம் வேண்டாம். இன்று வந்த விடையே அடுத்த வருடமும் வரும்.

சிக்கல் ஒன்றுதான்: கேள்வி தப்பாக இருந்தாலும் விடை வந்துவிடும். புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுவதை நான் பார்த்த இடங்கள் எல்லாமே ஏறத்தாழ இந்த வகை. அதனால்தான் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யச் சொல்கிறேன்.

இன்னொன்று. கட்டளைப் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில், பெரிய எழுத்து சிறிய எழுத்து பிசகாமல் தட்டுங்கள். ஆர் அதில் கறார்.

1. எதையும் நிறுவும் முன்: உங்கள் தரவு எந்த அசெம்பிளி?

அசெம்பிளி என்பது மனித ரெஃபரன்ஸ் ஜீனோமின், அதாவது எல்லோரும் ஒப்பிடப் பயன்படுத்தும் மாதிரி டிஎன்ஏ வரிசையின், ஒரு பதிப்பு. இப்போது அதிகம் புழங்குபவை இரண்டு: ஜிஆர்சிஎச்37, ஜிஆர்சிஎச்38. யுசிஎஸ்சி ஜீனோம் தளத்தில் இவற்றுக்கு எச்ஜி19, எச்ஜி38 என்று பெயர். ஒரே ஸ்னிப்புக்கு (ஓர் எழுத்து மட்டும் மாறும் இடம்) இரண்டிலும் இட எண் வேறு.

ஏபிஓஈ மரபணுவில் உள்ள ஆர்எஸ்7412ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 37இல் அது 19ஆம் குரோமோசோமின் 45412079ஆவது இடம். 38இல் 44908822. ஐந்து லட்சம் எழுத்துகளுக்கு மேல் இடைவெளி. கோப்பைக் கண்ணால் பார்த்து எது எதில் என்று சொல்ல முடியாது, இரண்டும் எட்டு இலக்கம்தான்.

கண்டுபிடிக்க இரண்டு வழிகள். விசிஎஃப் (மரபணு மாற்றங்களைப் பட்டியலிடும் வடிவம்) கோப்பானால் தலைப்பு வரிகளில் குரோமோசோம் நீளங்கள் இருக்கும். முதல் குரோமோசோமின் நீளம் 249250621 என்றால் 37, 248956422 என்றால் 38. தலைப்பு இல்லாத வெறும் அட்டவணை என்றால், அதில் ஆர்எஸ்7412 போன்ற பிரபலமான ஸ்னிப் ஏதாவது இருக்கிறதா என்று தேடி, மேலே சொன்ன எண்ணோடு ஒப்பிடுங்கள்.

தரவை அனுப்பியவரிடம் வாய்மொழியாகக் கேட்டதோடு விட்டுவிடாதீர்கள். "38தான்" என்று உறுதியாகச் சொன்ன ஒருவரின் கோப்பு 37ஆக இருந்து, இரண்டு நாள் வேலையை நான் குப்பையில் போட்டிருக்கிறேன். அந்த இரண்டு நாள் ஏன் போனது, முதல் மணி நேரத்திலேயே ஏன் தெரியவில்லை என்பதை ஆறாம் படியில் சொல்கிறேன்.

2. தொகுப்பின் பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பெயர் நான்கு துண்டு: எஸ்என்பிலாக்ஸ், எச்சேப்பியன்ஸ், டிபிஎஸ்என்பி155, ஜிஆர்சிஎச்38. நடுவில் புள்ளி. மூன்றாவது துண்டில் இருப்பது டிபிஸ்னிப் பில்ட் எண், நான்காவது அசெம்பிளி. கடைசித் துண்டு உங்கள் தரவோடு ஒத்துப்போக வேண்டும். இதில் பேரத்துக்கு இடமில்லை.

பில்ட் எண்ணில்தான் தேர்வு உண்டு. 144, 155 இரண்டும் இரு அசெம்பிளிகளுக்கும் கிடைக்கின்றன. 144இல் 13 கோடிக்கும் மேற்பட்ட ஸ்னிப்புகள். 155இல் 90 கோடிக்கும் மேல். "பெரியது இருக்கையில் சிறியது எதற்கு" என்று தோன்றும். பட்டியல் பழைய ஜிவாஸ் (முழு ஜீனோமிலும் நோய்த் தொடர்பு தேடும்) ஆய்விலிருந்து வந்த பொதுவான ஸ்னிப்புகள் என்றால் 144 போதும், வேகமாகவும் முடியும். முழு ஜீனோம் வரிசையாக்கத்தில் வந்த அரிய மாற்றங்கள் என்றால் 155 வேண்டும். ஏற்கெனவே வெளியான ஒரு ஆய்வை மறுபடி செய்துபார்ப்பதாக இருந்தால், அவர்கள் எந்த பில்டைப் பயன்படுத்தினார்களோ அதுவே.

தொகுப்பில் என்னென்ன இல்லை என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். மரபணுப் பெயர் இல்லை. எந்த மக்களிடம் எத்தனை சதவீதம் என்ற விவரம் இல்லை. நோயோடு தொடர்பு இல்லை. முக்கியமாக, ஓர் எழுத்துக்குப் பதில் இன்னோர் எழுத்து வரும் மாற்றங்கள் மட்டுமே இதில் உண்டு. எழுத்து சேர்வதும் விடுபடுவதும் கிடையாது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் அதிகம் காணப்படும் எஃப்508 நீக்கம் ஆர்எஸ்113993960. மூன்று எழுத்துகள் விடுபடும் மாற்றம் என்பதால் எவ்வளவு தேடினாலும் இங்கே கிடைக்காது. அந்த வகை மாற்றங்களுக்கு எக்ஸ்ட்ராஎஸ்என்பிலாக்ஸ் என்ற தனித் தொகுப்பு பில்ட் 144க்கு உண்டு. 155க்கு அப்படி ஒரு துணை இல்லை.

3. நிறுவுதல்

பயோகண்டக்டரின் நிறுவல் கருவியான பயோக்மேனேஜர் வழியாகத்தான் நிறுவ வேண்டும். பயோகண்டக்டரின் ஒவ்வொரு வெளியீடும் ஆர் மொழியின் ஒரு பதிப்போடு கட்டப்பட்டது. கோப்பைத் தனியே இறக்கிக் கையால் நிறுவினால் இந்தப் பொருத்தம் போய்விடும். பிறகு வரும் பிழைச்செய்தி வேறு எதையோ குற்றம் சாட்டும்.

எஸ்என்பிலாக்ஸ் வெறும் தரவு. அதைக் கேள்வி கேட்கும் கட்டளைகள் பிஎஸ்ஜீனோம் என்ற தொகுப்பில் இருக்கின்றன. ஏழாம் படிக்கு ரெஃபரன்ஸ் ஜீனோமின் எழுத்துகளும் தேவை: 38க்கு என்சிபிஐ பெயரில் வரும் பிஎஸ்ஜீனோம் தரவுத் தொகுப்பு, 37க்கு எச்எஸ்37டி5. எல்லாவற்றையும் ஒரே தடவையில் நிறுவிவிடுங்கள்.

இங்கே வழக்கமாக மூன்று இடத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

பதிவிறக்கம் பாதியில் நிற்பது முதலாவது. ஆர் ஒரு பதிவிறக்கத்துக்குத் தானாகக் கொடுக்கும் நேரம் 60 விநாடிதான். 155 தொகுப்பு பல ஜிபி. நிறுவும் முன் ஆப்ஷன்ஸ் கட்டளையில் டைம்அவுட் மதிப்பை 7200 போல ஒன்றுக்கு உயர்த்துங்கள். இணைப்பைத் திட்டி அரை நாள் போக்கியவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது இடம். சுருக்கிய கோப்பு முதலில் தற்காலிக அடைவில் இறங்கி, பிறகு நூலக அடைவில் விரியும். பலரும் பகிரும் சர்வர்களில் தற்காலிக அடைவு சின்னதாக இருக்கும். ஆர் தொடங்கும் முன்பே டிஎம்பிடிஐஆர் சூழல் மாறியை இடம் உள்ள அடைவுக்குத் திருப்ப வேண்டும். ஆருக்குள் நுழைந்த பிறகு மாற்றிப் பயனில்லை.

மூன்றாவது, பாதியில் நின்ற நிறுவல் விட்டுச்செல்லும் பூட்டு. நூலக அடைவில் 00லாக் என்று தொடங்கும் ஓர் அடைவு கிடந்தால் அடுத்த முயற்சியும் மறுக்கப்படும். வேறு நிறுவல் எதுவும் ஓடவில்லை என்று பார்த்துக்கொண்டு அதை அழித்துவிடுங்கள்.

4. ஒரே ஒரு ஸ்னிப்பை வைத்துச் சோதனை

உங்கள் பட்டியலைத் தொடும் முன், விடை தெரிந்த ஒரு ஸ்னிப்பைக் கேளுங்கள். தொகுப்பை ஏற்றி, ஸ்னிப்ஸ்பைஐடி கட்டளையில் ஆர்எஸ்7412ஐக் கொடுங்கள். 38 தொகுப்பு என்றால் 19, 44908822 என்று வர வேண்டும். 37 என்றால் 19, 45412079. கூடவே வரும் எழுத்துக்குறியில் சி, டி இரண்டும் அடங்கியிருக்க வேண்டும்.

அடுத்து ஆர்எஸ்429358. முந்தையதற்குச் சரியாக 138 எழுத்துகள் முன்னால், 38இல் 44908684. இரண்டும் சரியாக வந்தால் நிறுவல் முழுமை, அசெம்பிளி நீங்கள் நினைத்ததேதான்.

முதல் கேள்விக்கு விடை வர நேரமாகும். எண்களின் அட்டவணையை வட்டிலிருந்து எடுத்துத் தேட வேண்டியிருக்கிறது. தொங்கிவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள்.

5. எண் கொடுத்து இடம் வாங்குவது

முதலில் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள். முன்பின் இடைவெளி, இரட்டைப் பதிவு, பெரிய எழுத்தில் எழுதிய ஆர்எஸ் எல்லாம் போக வேண்டும். ஜீனோடைப்பிங் சிப்பிலிருந்து வந்த பட்டியலில் கேஜிபி, ஈஎக்ஸ்எம் என்று தொடங்கும் பெயர்களும் கலந்திருக்கும். அவை சிப் நிறுவனம் வைத்த பெயர்கள், டிபிஸ்னிப் எண்கள் அல்ல. தனியே பிரித்து வைத்து அவற்றை ஆறாம் படி வழியாகத் தேடுங்கள்.

பிறகு முழுப் பட்டியலையும் ஒரே அழைப்பில் கொடுங்கள். வேறு மொழிகளிலிருந்து வருபவர்கள் ஃபார் சுழற்சி போட்டு ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். ஒவ்வொரு அழைப்பும் அந்தப் பெரிய அட்டவணையைத் தேடித் திரும்புவதால், நிமிடத்தில் முடிவது மணிக்கணக்கில் இழுக்கும்.

இனிதான் பெரும்பாலோர் விழும் பள்ளம். பட்டியலில் ஒரே ஓர் எண் தொகுப்பில் இல்லாவிட்டாலும் கட்டளை பிழை காட்டி நின்றுவிடும். உதவிப் பக்கத்தைப் பார்த்து, இஃப்நாட்ஃபவுண்ட் என்ற அமைப்பை "டிராப்" என்று மாற்றுவார்கள். வேலை ஓடிவிடும். ஆனால் 1000 எண்களுக்கு இப்போது 987 வரிசைதான் வரும், அதுவும் இல்லாதவற்றை ஓசையில்லாமல் விட்டுவிட்டு. அதைத் தங்கள் அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்க முயல்வார்கள். நீளம் பொருந்தவில்லை என்று ஆர் மறுத்தால் அதிர்ஷ்டம். முதல் 987 வரிசையை வெட்டி ஒட்டினால், விடுபட்ட முதல் எண்ணுக்குக் கீழே உள்ள ஒவ்வொரு ஸ்னிப்பும் பக்கத்து வீட்டு முகவரியைச் சுமந்து நிற்கும்.

எனவே அமைப்பை "வார்னிங்" என்று வையுங்கள். வந்த விடையை ரெஃப்எஸ்என்பி ஐடி நிரலை வைத்து மட்டும் உங்கள் அட்டவணையோடு இணையுங்கள், வரிசை எண்ணை நம்பாதீர்கள். கிடைக்காத எண்களைத் தனிக் கோப்பில் எழுதி, ஏன் இல்லை என்று பாருங்கள்.

காரணங்கள் சிலவே. ஒன்று, அது ஓர் எழுத்து மாற்றம் அல்ல, எஃப்508 கதை. இன்னொன்று, எண் இணைக்கப்பட்டுவிட்டது: ஒரே மாற்றத்துக்கு இரண்டு ஆர்எஸ் எண்கள் கொடுத்திருப்பது தெரியவந்தால், டிபிஸ்னிப் ஒன்றை மற்றொன்றில் சேர்த்துவிடும். பழைய ஆய்வுக் கட்டுரைகளின் அட்டவணைகளில் இப்படிச் செத்த எண்கள் நிறைய. அவற்றின் இப்போதைய எண்ணை டிபிஸ்னிப் தளத்திலேயே தேடிப் பிடித்து, புது எண்ணைக் கொடுத்து மறுபடி கேளுங்கள். பழைய எண்ணையும் ஒரு நிரலில் வைத்திருங்கள், கட்டுரையோடு ஒப்பிடும்போது வேண்டும். இவை தவிர, முழுவதும் திரும்பப் பெறப்பட்ட எண்களும் உண்டு; அவற்றை விட்டுவிடலாம்.

6. இடம் கொடுத்து எண் வாங்குவது

கட்டளை ஸ்னிப்ஸ்பைஓவர்லேப்ஸ். கேட்ட பகுதிக்கான தரவுத் துண்டுகளை மட்டும் எடுப்பதால் இது வேகமானது. ஆபத்தும் இதில்தான் அதிகம்.

கணக்கைப் பாருங்கள். மனித ஜீனோம் ஏறத்தாழ 310 கோடி எழுத்து. 155 தொகுப்பில் 90 கோடிக்கும் மேல் ஸ்னிப்புகள். அதாவது, கண்ணை மூடிக்கொண்டு ஜீனோமில் எங்கே விரல் வைத்தாலும் பத்துக்கு மூன்று தடவை ஏதோ ஓர் ஆர்எஸ் எண் அகப்படும். 37 இடங்களை 38 தொகுப்பில் கேட்டால் வெற்று விடை வராது. பத்தில் மூன்றுக்கு நிஜமான, டிபிஸ்னிப்பில் தேடினால் கிடைக்கிற, ஆனால் உங்களுடையது அல்லாத எண்கள் வரும். நான் இழந்த இரண்டு நாளும் இப்படித்தான் போயின. மூன்றில் ஒரு பங்கு கிடைத்ததும், "மீதி அரிய மாற்றங்களாக இருக்கும்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆகவே எத்தனை சதவீதம் பொருந்தியது என்பதே முதல் சோதனை. பொதுவான ஸ்னிப்புகளின் பட்டியல் சரியாகக் கேட்கப்பட்டிருந்தால் கிட்டத்தட்ட எல்லாமே கிடைக்கும். 155இல் முப்பதை ஒட்டி நின்றால் அசெம்பிளியைச் சந்தேகியுங்கள். இரண்டாவது சோதனை எழுத்து: உங்கள் கோப்பில் ஏ, ஜி என்று இருக்கும் இடத்தில் தொகுப்பு ஏ, சி என்கிறதா? அங்கங்கே ஒன்றிரண்டு இருக்கலாம். பரவலாக இருந்தால் இடமே தப்பு.

இடம் ஒன்று பிசகுவதும் இதே வகைதான். பயோகண்டக்டர் எண்ணிக்கை 1இல் தொடங்கும், விசிஎஃப்பும் அப்படியே. பெட் கோப்பு (ஜீனோம் பகுதிகளின் தொடக்கமும் முடிவும் தரும் அட்டவணை) 0இல் தொடங்கும். ஆர்எஸ்7412 பெட் கோப்பில் 44908821, 44908822 என்று இரண்டு எண்ணாக நிற்கும்; இதில் முதல் எண்ணை இடமென்று எடுத்தால் பக்கத்து எழுத்தைக் கேட்கிறீர்கள். எளிய அட்டவணையாகப் படித்தால் தொடக்கத்தோடு ஒன்று கூட்டுங்கள். ஆர்டிராக்லேயர் தொகுப்பின் இம்போர்ட் வழியாகப் படித்தால் அதுவே கூட்டிவிடும். நீங்களும் கூட்டினால் மறுபுறம் தள்ளிப்போகும்.

குரோமோசோம் பெயருக்கு வருவோம். இந்தத் தொகுப்புகளில் 1, 2, எக்ஸ், எம்டி என்ற என்சிபிஐ பாணி. யுசிஎஸ்சி பாணியில் முன்னால் சிஎச்ஆர் ஒட்டியிருக்கும். சீக்லெவல்ஸ்டைல் கட்டளையால் உங்கள் தரவின் பாணியை என்சிபிஐக்கு மாற்றுங்கள். பிளிங்க் என்ற மரபியல் மென்பொருளிலிருந்து வந்த கோப்பானால் 23 என்பது எக்ஸ், 24 ஒய், 25 எக்ஸ்-ஒய் பொதுப் பகுதி, 26 மைட்டோகாண்ட்ரியா. இவற்றை நீங்களே மாற்ற வேண்டும்.

மைட்டோகாண்ட்ரியாவில் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. எச்ஜி19இன் சிஎச்ஆர்எம் 16571 எழுத்து நீளமுள்ள ஒரு பழைய வரிசை. ஜிஆர்சிஎச்37இன் எம்டி 16569 எழுத்து, வேறு வரிசை. நீளத்தைப் பார்க்காமல் இதற்கு அது என்று வைத்துவிடாதீர்கள். 38இல் இந்தத் தொல்லை இல்லை.

கடைசியாக, விடை உங்கள் கேள்வியின் வரிசையில் வராது. ஒரு கேள்விக்கு விடை இல்லாமலும் போகலாம், ஒன்றுக்கு மேலும் வரலாம். குரோமோசோம், இடம் இரண்டையும் சேர்த்துத் திறவுகோலாக்கி இணையுங்கள்.

7. எழுத்துகளைப் படிப்பது

விடையில் வரும் அலீல்ஸ் நிரலில் ஒற்றை எழுத்துதான் இருக்கும். ஏ, சி, ஜி, டி தவிர வேறு எழுத்தும் வருவதைப் பார்த்துக் குழம்புவார்கள். அது ஐயுபேக் சுருக்கம்: ஏ-ஜி என்றால் ஆர், சி-டி என்றால் ஒய், ஏ-சி எம், ஜி-டி கே, ஜி-சி எஸ், ஏ-டி டபிள்யூ. நான்கும் வரலாம் என்றால் என்.

இந்தச் சுருக்கம் எது ரெஃபரன்ஸ், எது மாற்று என்று சொல்லாது. அதற்குக் கேள்வி கேட்கும்போதே ஜீனோம் என்ற அமைப்பில் மூன்றாம் படியில் நிறுவிய ரெஃபரன்ஸைக் கொடுங்கள். ரெஃபரன்ஸ் எழுத்து, மாற்று எழுத்துகள், தொகுப்பின் எழுத்துகளும் ரெஃபரன்ஸும் பொருந்துகின்றனவா என்ற ஆம்-இல்லை நிரல் ஆகியவை கூடுதலாக வரும். அந்த ஆம்-இல்லை நிரலில் வரிசையாக "இல்லை" வந்தால், நீங்கள் கொடுத்தது வேறு அசெம்பிளியின் ரெஃபரன்ஸ்.

எழுத்துகள் எப்போதும் நேர் இழையில், அதாவது டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் ரெஃபரன்ஸ் எழுதப்பட்டிருக்கும் இழையில், தரப்படும். எதிர் இழையில் ஏக்கு எதிரே டி, சிக்கு எதிரே ஜி நிற்கும். மரபணு எந்த இழையில் என்று தொகுப்பு பார்க்காது. இதையும் ரெஃபரன்ஸ் மாற்றத்தையும் ஒருசேரக் காட்டும் ஸ்னிப் ஒன்று உண்டு: ஃபேக்டர் ஃபைவ் லைடன் என்ற இரத்த உறைவு மாற்றம், ஆர்எஸ்6025. மருத்துவக் கட்டுரைகளில் இது ஜி என்பது ஏ ஆவது. மரபணு எதிர் இழையில் இருப்பதால் நேர் இழையில் அது சி என்பது டி ஆவது. 38இல் முதல் குரோமோசோம் 169549811ஆவது இடம், ரெஃபரன்ஸ் எழுத்து சி. எதிர்பார்த்ததுதான். 37இல் இடம் 169519049, ரெஃபரன்ஸ் எழுத்து டி! ரெஃபரன்ஸ் ஜீனோமே அங்கே அந்த அரிய வடிவத்தைச் சுமந்திருந்தது, 38இல் திருத்தினார்கள். "மாற்று எழுத்துதான் ஆபத்து எழுத்து" என்று எண்ணி 37இல் எண்ணினால், எல்லோரும் நோயாளிகளாகத் தெரிவார்கள்.

எனவே ஆபத்து எழுத்தை எழுத்தாகவே குறித்து வையுங்கள், மாற்று என்ற பெயரால் அல்ல. எஸ், டபிள்யூ குறி வந்த ஸ்னிப்புகளைத் தனியே எடுத்து வைப்பதும் நல்லது. இழையைத் திருப்பினாலும் அதே இரண்டு எழுத்துகள்தான் வரும் என்பதால், உங்கள் கோப்பு எந்த இழையில் என்று எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது.

8. கோப்பாக எழுதும்போது

மாற்று எழுத்துகளின் நிரல் பட்டியல் வடிவில் இருக்கும், ஏனெனில் ஒரு ஸ்னிப்புக்கு இரண்டு மூன்று இருக்கலாம். அப்படியே எழுதினால் ஆர் பிழை காட்டும். காற்புள்ளியால் சேர்த்து ஒரே சரமாக்கிவிட்டு எழுதுங்கள்.

இட நிரலை முழு எண்ணாக மாற்றிய பிறகே எழுதுங்கள். தசம வகையாக இருந்தால் 100000 என்ற இடத்தை ஆர் 1ஈ+05 என்று எழுதும். பல லட்சம் வரியில் ஒன்றிரண்டுதான் இப்படி ஆகும், அடுத்த மென்பொருள் அவற்றை மட்டும் தவறவிடும், யாருக்கும் தெரியாது.

கோப்பின் பெயரிலேயே அசெம்பிளியையும் பில்டையும் எழுதுங்கள்: ஜிஆர்சிஎச்38, 155. செஷன்இன்ஃபோ கட்டளை தரும் பதிப்பு விவரங்களைப் பக்கத்தில் ஓர் உரைக் கோப்பாக வையுங்கள். எழுதி முடித்த கோப்பைத் திரும்ப ஒருமுறை படித்து, ஆர்எஸ்7412 இன்னும் 44908822இல்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.